நான் கீறாத வரைபடம்

1

இந்த வருடம் பங்குனி மாதத்தில் ஒரு காலை, தொழிற்சாலைக்குப் போக றப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெண் பேசினாள்.

"வாழ்த்துகள். கடைசியில் உங்களுடைய சொந்தத் தொழிலிலேயே ஒரு இடம் வந்திருக்கிறது," என்றாள்.

என் தொழில் கணிதம். அதிலும் இடவியல், டொப்போலொஜி என்கிற பிரிவு. நான் இருப்பதோ நோர்வேயின் வடகோடியில், ஒரு தேவாலயமும் ஒரு பெற்றோல் நிலையமும் சில மீன் தொழிற்சாலைகளும் மட்டும் உள்ள ஊர். இந்த ஊரில் இடவியலுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது என்று, ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நின்றபடி நான் நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"நகரசபையின் வரைபடப் பகுதியில்," என்று அவள் தொடர்ந்தாள். "நீங்கள் உங்கள் நாட்டில் செய்த அதே வேலைதான்."

"என் நாட்டில் நான் வரைபடம் எதுவும் கீறவில்லை."

"புதிதாக எல்லா விபரங்களையும் கணினியில் சேர்த்திருக்கிறார்கள். உங்களுடைய அகதி விண்ணப்பத்தில் இருந்ததும் வந்திருக்கிறது. அதில் நீங்கள் டொப்போகிராப்."

டொப்போகிராப் என்றால் இவர்களின் மொழியில் நிலத்தை அளந்து வரைபடம் கீறுகிறவர். நான் அது இல்லை, என்னுடையது டொப்போலொஜி என்றேன்.

"அட, சின்ன வித்தியாசம்தானே," என்று சிரித்தாள். "திங்கட்கிழமை போய்ப் பாருங்கள்."

அந்தச் சின்ன வித்தியாசத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதன் போனான். அதைத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது? "போய்ப் பார்க்கிறேன், நன்றி," என்று சொல்லிவிட்டு மற்றச் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டேன்.

2

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் "அங்கை என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். புழுப் பொறுக்குகிற வேலை.

கொட் என்கிற பெரிய மீனை ஆண்கள் வெட்டி, தோல் உரித்து, துண்டமாக்கி அனுப்புவார்கள். பெண்கள் நாங்கள் ஒரு கண்ணாடி மேசையின் முன் வரிசையாக நிற்போம். மேசைக்கு அடியில் விளக்கு எரியும். துண்டத்தை வைத்தால் சதைக்குள் சுருண்டு கிடக்கிற புழு தெரியும். கத்தி நுனியால் அதைக் கிள்ளி எடுத்துவிட்டு அடுத்த துண்டம். நாள் முழுக்க இதுதான். மானிப்பாயில் எங்கள் வீட்டில் மீன் வெட்டுகிற பக்கமே நான் போனதில்லை. இப்போது கோப்பிக் கோப்பையைத் தூக்கினாலும் உள்ளே சுருண்டு ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

என் கணவர் ஜெயராஜ் ஊரில் வங்கியில் இருந்தவர். இங்கே அதே தொழிற்சாலையில் தலை வெட்டும் இயந்திரத்தடியில் நிற்கிறார்.

புழுவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டு அறையில் எங்கள் ஆட்கள் நடத்துகிற விசாரணையைத்தான் பொறுக்க முடிவதில்லை. புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் போதும்.

"நீங்கள் எந்த இடம்?"

"மானிப்பாய்."

"மானிப்பாயிலை எவடம்?"

"எவடம்" என்று கேட்பது ஒழுங்கையை அறிய அல்ல, ஆள் என்ன சாதி என்று அறிய. முழங்கை வரை மீன் இரத்தம். தலைமயிர், கோட்டு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றிலும் மீன் மணம். பரம்பரையாக மீன்பிடித்தவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்திக் கதைத்தவர்களின் பிள்ளைகள் மீன் தொழிற்சாலைக்குள் நின்றுகொண்டு "எவடம்" என்று கேட்கிறார்கள். துருவம் வரைக்கும் அதைச் சுமந்து வந்திருக்கிறோம். கொண்டுவர வேண்டிய எத்தனையோ வழியில் விழுந்து போயின, இது மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

நோர்வேப் பெண்கள் வேறு வகை. வந்த புதிதில், ஊரில் என்ன படித்தாய் என்று ஒருத்தி கேட்டாள். முடிச்சுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன் என்று சொல்ல நினைத்தேன். முடிச்சுக்கு அவர்கள் சொல்வது "க்னூத்த". நான் சொன்னது "க்னூத்". அது இங்கே ஆண்களுக்கு வைக்கிற பெயர். பல க்னூத்துகளை ஆராய்ச்சி செய்திருக்கிறேன், சிலதை அவிழ்க்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறேன். மேசை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. இன்றைக்கும் மேற்பார்வையாளன் க்னூத் என்னைக் கடந்து போனால் யாராவது கண்ணடிப்பார்கள்.

மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு "மம்மா, டூ லுக்தெர்" என்பாள். அம்மா, நீ மணக்கிறாய். வகுப்பில் எல்லோரும் தாய் தகப்பனின் தொழிலைச் சொன்ன நாளில், என் அம்மா வீட்டிலே இருக்கிறா என்று சொல்லியிருக்கிறாள்.

3

அன்ரனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் பல்கலைக்கழகக் கணிதப் பகுதியில் மூத்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். மிஞ்சியது சில உதவி விரிவுரையாளர்கள். அவர்களில் இடவியல்காரர் இரண்டு பேர், நானும் அன்ரனும். அன்ரன் குருநகர். தகப்பன் கடற்றொழில். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. மெலிந்த ஆள், மீசையை ஒட்ட வெட்டியிருப்பான், கதைக்கும்போது சோக்கட்டியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டேயிருப்பான்.

இடவியல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். பொருளை இழுக்கலாம், வளைக்கலாம், நெளிக்கலாம். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. அப்படியெல்லாம் செய்த பிறகும் மாறாமல் இருப்பது எது என்பதுதான் கேள்வி. இந்தக் கணிதத்தில் நீளம், அகலம், தூரம் எதுவும் கிடையாது. ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டால், அதை வெட்டாமல் அவிழ்க்க முடியுமா? பார்த்தவுடன் சொல்ல முடியாது. சொல்வதற்கு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

நான் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரன்தான் வழியை மாற்றினான்.

"எஸ்தர், முடிச்சை விடும். முடிச்சு இல்லாத இடத்தைப் பாரும்," என்றான்.

கம்பியை வளைத்துச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து எடுத்தால் கம்பிக்குள் ஒரு படலம் நிற்கும். அதுபோல ஒவ்வொரு முடிச்சையும் விளிம்பாக வைத்து ஒரு பரப்பு நிற்கும். ஒரு குறிப்பிட்ட வகை முடிச்சுக்களுக்கு அந்தப் பரப்புகளில் மிக எளியது ஒன்றே ஒன்றுதான், வேறு இருக்க முடியாது என்று நாங்கள் நிறுவினோம். ஊரடங்கு, ஷெல், மின்வெட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் நிறுவினோம் என்று எழுதினால் வெளிநாட்டுக்காரர் உருகுவார்கள். எனக்கு அப்படி எழுதப் பிடிக்காது. ஷெல் விழுந்த நாட்களில் நாங்கள் ஒன்றையும் நிறுவவில்லை. பங்கருக்குள் குந்தியிருந்து பயந்தோம். வேலை நடந்தது மற்ற நாட்களில்தான். சிறிய கட்டுரை, இந்தியாவில் ஒரு சஞ்சிகையில் இரண்டு பெயரோடும் வந்தது.

இங்கே வந்த பிறகு, இந்த வடக்கிலேயே ஒரு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் அந்தக் கட்டுரையைப் பார்த்துவிட்டு என்னைப் பேச அழைத்தார். அன்ரன் குருநகர்க் கடற்றொழிலாளியின் மகன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அறிமுக உரையில் அவர் "தகப்பனின் வலையில் முடிச்சுக்களைக் கற்ற கணிதவியலாளன்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டி இரசித்தார்கள். அன்ரன் இருந்திருந்தால் எழும்பி வெளியே போயிருப்பான். ஊரிலும் சிலர் இதே பகிடியை அவனிடம் விட்டார்கள். "என்ரை அப்பாவுக்கு முடிச்சு விழுந்தால் கோபம் வரும். எனக்குச் சந்தோசம் வரும். ரெண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை," என்று சொல்வான். என் பேச்சுக்குப் பிறகு கேள்வி கேட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் பரப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

வேலை விசயமாக அன்ரன் இரண்டு மூன்று முறை மானிப்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். என் அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவர், ஊழியக்காரருக்கு விருந்து வைக்கிறவர். அன்ரனுக்கு மட்டும் தேத்தண்ணி தனிக் கிளாசில் வரும். அந்தக் கிளாஸ் மற்றவற்றோடு அலுமாரிக்குப் போகாது, பின் விறாந்தைத் தூணடியில் கவிழ்ந்து கிடக்கும். அன்ரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒழுங்கை திரும்புவதற்குள் அம்மா அவன் இருந்த கதிரையை முற்றத்துக்கு இழுத்துக் கழுவினார்.

"உவனோடை உனக்கு என்ன கணக்கு?" என்று கேட்டார்.

"கணக்குத்தான் அம்மா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கழுவின கதிரையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று பாடுகிற வாயையும் அந்தக் கையையும் ஒரே ஆளில் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த வீட்டில் சாப்பாடு சரியாக இறங்கியதில்லை.

4

எண்பத்தாறில் ஒரு பின்னேரம் மூன்று பெடியள் எங்கள் அறைக்கு வந்தார்கள். இயக்கப் பெடியள். எந்தக் கொடியின் பெடியள் என்று எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் எல்லாக் கொடிகளும் வாசலில் வந்து நின்று கேட்டது ஒன்றைத்தான். அவர்களில் ஒருவன் என்னிடம் ஒரு வருடம் படித்து இடையில் நின்றவன். ஜெனி அப்போது வயிற்றில். அந்த மாணவன்தான் எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டான்.

"மிஸ், நீங்கள்தானே டொப்போ படிப்பிக்கிறனீங்கள்?"

"டொப்போலொஜி."

"ஓம், உதுதான். எங்களுக்கு ஒரு வரைபடம் கீற வேணும். கடல்நீரேரிப் பக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு விளக்கினேன். "தம்பி, உது வேறை. நீர் சொல்லுறது டொப்போகிராபி. என்ரை பாடத்திலை தூரமே இல்லை."

"தூரம் இல்லாமல் ஒரு கணக்கோ?" என்றான் மற்றவன். "மிஸ், பகிடி விடாதேங்கோ."

"பகிடி இல்லை. உண்மையாத்தான் சொல்லுறன்."

மூன்றாமவன் கதைக்கவேயில்லை. கரும்பலகையில் நான் கீறியிருந்த முடிச்சுக்களை, ஒரு கோட்டுக்கு மேலாலும் கீழாலும் மற்றக் கோடு போகிற படங்களை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "இவ்வளவு கீறத் தெரிஞ்சவவுக்கு எங்களுக்குக் கீற மட்டும் தெரியாதாம்."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பக்கத்து மேசையிலிருந்து அன்ரன் எழும்பினான்.

"அவவை விடுங்கோ. மானிப்பாய் ஆள், கடல் எந்தப் பக்கமெண்டே அவவுக்குத் தெரியாது. நான் குருநகர். அப்பாவோடை சின்னனிலையிருந்து தொழிலுக்குப் போனனான். எங்கை முழங்கால் தண்ணி, எங்கை ஆள் தாழும் எண்டு எனக்குத் தெரியும். நான் கீறித் தாறன்."

மேசையில் தாளை விரித்து அவர்களுக்கு முன்னாலேயே கீறினான். பெடியள் கைகட்டி நின்று பார்த்தார்கள். சோக்கட்டியை உருட்டுகிற அந்த விரல்கள் அன்றைக்கு ஒரு தடவையும் நிற்கவில்லை. அவர்கள் போன பிறகு கிணற்றடியில் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தான்.

"தூரத்தோடை ஒரு கணக்குச் செய்து கனகாலம்," என்றான்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் பரப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.

அந்த வரைபடம் எத்தனை கை மாறியதோ தெரியாது. எண்பத்தேழின் கடைசியில் குருநகரில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பு. ஆண்களையெல்லாம் கடற்கரை வெளியில் வெயிலில் இருத்தினார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி ஒருவன் முகத்தில் சாக்குப் போட்டபடி முன்னால் நின்றான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அன்ரன் நடந்தபோது சாக்கு ஆடியது. இதை எனக்குச் சொன்னது அவனுடைய தங்கச்சி. "அண்ணை திரும்பிக்கூடப் பாக்கேல்லை அக்கா. லொறியிலை ஏறேக்கை சட்டையைத் தட்டிக்கொண்டு ஏறினவர்," என்றாள்.

தாய் ஒவ்வொரு முகாமாக நடந்தார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள், வேறு இடத்தில் கேளுங்கள் என்றார்கள், புகைப்படம் கொண்டு வாருங்கள் என்றார்கள். கொண்டுபோன படத்தை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கவில்லை. நாங்கள் படிப்பித்த இடத்து நிர்வாகமோ, அறிவிக்காமல் விடுப்பு எடுத்ததற்கு விளக்கம் கேட்டு அவன் வீட்டு விலாசத்துக்குக் கடிதம் அனுப்பியது. அதை வாசித்துக் காட்டச் சொல்லித் தாய் என்னிடம் கொண்டுவந்தார். நான் வாசிக்கவில்லை. சம்பள விசயம் அம்மா என்று பொய் சொன்னேன்.

சில மாதங்களில் வேறு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அன்ரன் மாஸ்டர் இல்லைத்தானே. இனி மிஸ்தான் எங்களுக்கு உதவி செய்ய வேணும்," என்றார்கள். அடுத்த கிழமை ஜெயராஜும் நானும் பிள்ளையோடு கொழும்புக்குப் புறப்பட்டோம்.

5

நோர்வேயில் எங்களை நேரே இந்த வடக்கு ஊருக்கு அனுப்பினார்கள். விசாரணை பொலிஸ் அலுவலகத்தில் நடந்தது. எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும், நேரடியாகச் சொல்கிறேன் என்றேன். தாய்மொழியில் மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் சொல்ல வேண்டும், அது உங்களுடைய உரிமை என்றார் அதிகாரி. அந்த உரிமை என் வாயை அடைத்தது.

மொழிபெயர்ப்பாளன் சிவா மருதனார்மடத்துப் பெடியன். சந்தைக்கு எதிரே தகப்பனுக்குப் பலசரக்குக் கடை. எங்களுக்குச் சில வருடம் முன்னால் மாணவனாக வந்து மொழி பிடித்துக்கொண்டவன்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. நீங்கள் சொல்லுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்," என்றான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் பாடம், அன்ரன், பெடியள், வரைபடம், சாக்கு, லொறி, பிறகு வீட்டுக்கு வந்தவர்கள். சிவா மளமளவென்று அவர்களின் மொழியில் சொல்லிக்கொண்டு போனான். சான்றுக்காக எங்கள் கட்டுரையை மேசையில் வைத்தேன். அதிகாரி அதைப் புரட்டி ஒரு முடிச்சுப் படத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார். மேலாலும் கீழாலும் போகிற கோடுகள் அவருக்குப் பாலமும் தெருவுமாகத் தெரிந்திருக்கும். சிவா "யா, யா" என்றான். அந்த ஒரு சொல் எனக்கும் தெரியும். ஓம் என்கிறான் என்று எண்ணிக்கொண்டேன், எதற்கு ஓம் என்று எண்ணவில்லை.

கடைசியில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினான். நான் சொன்னதையே சொன்னான். கையெழுத்து வைத்தேன். அனுமதி கிடைத்தது. எங்களோடு வந்த பலர் கடிதம் வராமல் முகாமில் கிடந்தபோது எங்களுக்கு விரைவாகவே கிடைத்தது. ஜெயராஜ் முழங்காலில் நின்று செபம் பண்ணினார்.

6

திங்கட்கிழமை நகரசபைக்குப் போனேன். வரைபடப் பகுதிப் பொறுப்பாளர் வயதானவர், பண்பானவர். அறை சூடாக இருந்தது, உலர்ந்திருந்தது, தாள் மணம் வீசியது. பெரிய மேசை, நல்ல பென்சில்கள், யன்னலுக்கு வெளியே துறைமுகம். உண்மையைச் சொல்கிறேன், அந்த அறையில் இருக்க எனக்கு வாயூறியது. டொப்போலொஜி என்று நான் தொடங்கினேன். அவர் கையசைத்தார்.

"பெயரில் என்ன இருக்கிறது? சில கிழமையில் பழகிவிடுவீர்கள். அதோடு நீங்கள் ஆழமில்லாத கடலை வரைந்த அனுபவம் உள்ளவர். துறைமுக வாய்க்கு அப்படி ஒருவர்தான் எங்களுக்குத் தேவை."

"யார் சொன்னது?"

"அனுப்பிய சுருக்கத்தில் இருக்கிறது. கடல்நீரேரி. முழங்கால் ஆழம் வரைக்கும் குறித்தீர்களாம்."

வேலைக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. நேரே சிவாவின் கடைக்குப் போனேன்.

சிவா இப்போது பெரிய ஆள். மரக்கறியும் வீடியோவும் விற்கிற கடை, தமிழ்ச் சங்கத்தில் செயலாளர் பதவி, இன்னமும் மொழிபெயர்ப்பு. என் முகத்தைக் கண்டதும் வாழைப்பழப் பெட்டியைக் கீழே வைத்தான்.

"சிவா, விசாரணையிலை என்ன சொன்னனீர்?"

முதலில் ஞாபகமில்லை என்றான். நான் அசையவில்லை. கடைக்குள் வேறு ஆட்கள் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, முடிச்சுக்கு ஆர் விசா குடுப்பான்? உங்களுக்கெண்டு ஒண்டும் நடக்கேல்லை. வீட்டுக்கு வந்து கேட்டவை, அவ்வளவுதான். உதுக்கு உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள்."

"அதுக்கு?"

"அந்தாளின்ரை கதையை உங்கடை கதையாச் சொன்னனான். வரைபடம் கீறினது நீங்கள். தலையாட்டிப் பிடிச்சது உங்களை. கொஞ்ச நாள் வைச்சிருந்து விட்டவை எண்டு சொன்னனான். நீங்கள் உயிரோடை முன்னாலை இருக்கிறியள், வேறை என்ன சொல்ல? ஒரு பொய்யும் சொல்லேல்லை அக்கா. எல்லாம் நடந்தது. ஆளை மட்டும்தான் மாத்தினனான்."

கடையில் பழுத்த பலாப்பழ மணம். பிடித்துக்கொண்டு போனவர்கள் அன்ரனை இல்லை என்றார்கள். இவன் அவனை இருந்ததே இல்லை என்று ஆக்கிவிட்டான். பிடிபட்டவர் திரும்பி வந்ததாக அந்தக் கோப்பில் எழுதியிருக்கிறது. அன்ரன் திரும்பி வந்த ஒரே இடம் அதுதான், அதுவும் என் பெயரில்.

"அந்த விசாவிலைதானே அக்கா இவ்வளவு காலமும் சாப்பிட்டனீங்கள்," என்றான் சிவா. கோபத்தில் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். அது உண்மை. அவன் எங்களைக் காப்பாற்றியவன். அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

வீட்டில் ஜெயராஜிடம் சொன்னேன். கோப்பைத் திருத்தப் போகிறேன் என்றேன். அவர் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்தார்.

"உமக்கு விசரே? ஊரிலை திரும்பவும் சண்டை துவங்கப் போகுது எண்டு றேடியோ கத்துது. இந்த நேரத்திலை போய், நாங்கள் பொய் சொல்லி வந்தனாங்கள் எண்டு சொல்லப் போறீரோ?"

"நாங்கள் பொய் சொல்லேல்லை."

"அதை அவங்கள் நம்புவாங்களோ? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கை போறது? அவளுக்குத் தமிழே ஒழுங்கா வராது. அன்ரன் நல்லவன். இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா அவன் போயிட்டான் எஸ்தர்."

"ஓம். அவன் போயிட்டான். அதைத்தான் சொல்லப் போறன்."

பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டு அறையிலும் வேறு மேசையில் போய் இருந்தார். எங்கள் ஆட்களுக்கு அது நல்ல தீனி. மானிப்பாய்ப் பொம்பிளைக்கும் குருநகர்க்காரனுக்கும் ஊரிலேயே ஏதோ இருந்ததாம் என்று சிவாவின் கடைப் பக்கமிருந்து ஒரு கதை புறப்பட்டு, ஒரே நாளில் புழு மேசைக்கு வந்து சேர்ந்தது. பக்கத்தில் நின்ற பெண் கையுறையைக் கழற்றாமலே என்னிடம் சாதி கேட்டாள்: "அக்கா, அந்தாள் ஆர் ஆக்கள்?"

"கணித ஆக்கள்," என்றேன்.

7

வைகாசியில் ஒரு காலை பொலிஸ் அலுவலகத்துக்குப் போனேன். ஜெயராஜ் கூட வர மாட்டேன் என்றுதான் சொன்னார். நான் கோட்டை மாட்டியபோது அவரும் மாட்டினார். பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் அங்கேயே நின்றுவிட்டார்.

வெளிநாட்டவர் பகுதியில் ஒரு இளம்பெண் இருந்தாள். பக்கத்தில் அப்பிள் ஒன்று பாதி கடித்தபடி கிடந்தது. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று நான் கிழமைக்கணக்காக மனதுக்குள் தயார்செய்து வைத்திருந்தேன். இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் இல்லை. அவர்களின் மொழியில் நானே சொன்னேன். அவள் திரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி. அப்படியென்றால் டொப்போகிராப் இல்லை, மத்தெமத்திகெர்," என்றாள். கணிதவியலாளருக்கு அவர்களின் சொல். தட்டினாள். "வேறு?"

அவ்வளவுதான். இத்தனை கிழமையும் இதற்காகத்தான் கதவு தட்டினால் பயந்தோம்.

"என் அனுமதி?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு நிரந்தர அனுமதி. பிள்ளை இங்கே படிக்கிறாள். இதற்காக ஒருவரும் அதைத் தொடப் போவதில்லை. யாராவது கூப்பிட்டு விசாரிக்கலாம். பெரும்பாலும் கூப்பிட மாட்டார்கள்." ஒரு கணம் யோசித்தாள். "மொழிபெயர்ப்பாளர் பிழைவிட்டாரா?"

சிவாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"என் தமிழ் அவருக்கு விளங்கவில்லை," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அப்பிளை எடுக்கக் கையை நீட்டினாள். நான் எழும்பவில்லை.

"வரைபடம் கீறியது நான் இல்லை. பிடித்துக்கொண்டு போனதும் என்னை இல்லை. அது வேறு ஒருவர்."

அப்போதுதான் அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"யார்?"

பெயரைச் சொன்னேன். அவளுக்கு எழுதத் தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

"அவர் இப்போது எங்கே?"

"தெரியாது. கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை."

"இறந்துவிட்டாரா?"

"அப்படியும் ஒருவரும் எழுதித் தரவில்லை."

அவள் விரல்கள் விசைகளுக்கு மேலே நின்றன. "இங்கே ஏதாவது ஒன்று போட வேண்டும்," என்றாள் மெதுவாக. "தெரியாது என்று போடுகிறேன். கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை என்றும் கீழே எழுதுகிறேன். சரியா?"

"சரி."

"அவருடைய தொழில்?"

"மத்தெமத்திகெர்."

"அவருமா?" என்றாள். "அப்போ இரண்டு மத்தெமத்திகெர்." தனக்குள் சொல்லிக்கொண்டு தட்டினாள்.

வரைபடப் பகுதி வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் குசினி மேசையில் இருந்து, அடுத்த வகை முடிச்சுக்களுக்கும் அந்தப் பரப்பு ஒன்றுதானா என்று பார்க்கிறேன். இதுவரைக்கும் ஒன்றும் அமையவில்லை. அதை எழுதி அனுப்பும் நாள் வந்தால் இரண்டு பெயரோடுதான் போகும்.

அன்றைக்கு வெளியே வந்தபோது ஜெயராஜ் அதே தரிப்பிடத்தில் கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். எத்தனை பஸ் அவரைத் தாண்டிப் போயிற்றோ. என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை போலும்.

"என்ன சொன்னவை?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"திருப்பி அனுப்புவினமாமோ?"

"இல்லை. அன்ரன்ரை பேரை எழுதினவை."

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் மத்தியானம் வேலை. பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்தது.

"எழுத்துப் பிழையில்லாமலோ?" என்று கேட்டார்.

"நான்தான் எழுத்துக் கூட்டிச் சொன்னனான்."

"அப்ப சரி," என்றார். பல கிழமைக்குப் பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.